ஒரு சாண் ஆழம்

கோதைநாயகிக்குப் பிடிபடாமல் இருந்தது ஒரு இலையின் நிறம்.

ஆயினி என்கிற காட்டுப் பலாவின் கன்று அது, வயது மூன்று. சங்கிலி ஓடைக்குக் கிழக்கே நின்ற கன்றின் இலையில் நரம்புகளை ஒட்டி மெல்லிய ஊதா படர்ந்திருந்தது. உயரமும் அவள் முழங்காலைத் தாண்டவில்லை. ஓடைக்கு மேற்கே, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், அதே மழை, அதே செம்மண், அதே தாய்மரத்து விதை. அங்கே நின்ற கன்று அவள் தோளை எட்டிவிட்டது. அதன் இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்தாள், கடித்தும் பார்த்தாள். மண் ஆராய்ச்சியில் டாக்டர் பட்டம் வாங்கியவள், ஐம்பது வயதில், பக்கத்துக் காட்டு இலையைத் திருடி மெல்லுகிற நிலைக்கு வந்திருந்தாள்.

கிழக்கு அவளுடைய பகுதி. மேற்கு உடையப்பனுடையது.

கட்டடங்களுக்குச் சிமெண்டைக் குறைக்கச் சொல்லிச் சட்டம் வந்து, ஊரெல்லாம் மறுபடி மரத்தால் வீடு கட்டத் தொடங்கியிருந்த காலம். ஆனைமலைத் தொடரின் அந்த மழைக்காட்டைக் காட்டுரிமை வாரியம் இருபத்தொரு வருடங்களுக்கு முன் கவனமாகத் திறந்துவிட்டது. ஒரு ஏக்கரில் எட்டு வருடத்துக்கு ஒரே ஒரு மரம். சாலை போடக் கூடாது. வெட்டிய மரம் பலூனில் தொங்கித்தான் வெளியே போகவேண்டும். மரம் போன இடத்தில் வானம் தெரிகிற அளவுக்கு ஒரு திறப்பு உண்டாகும். மூன்று வருடத்துக்குள் அந்தத் திறப்பில் புதுக்கன்றுகள் தோளுயரம் வளர்ந்திருக்க வேண்டும். வளராவிட்டால் காடு ஆறவில்லை என்று பொருள்.

வெட்டுவதற்கு இரண்டு வழிகளை வாரியம் சோதித்தது. கிழக்கே கோதைநாயகி வடிவமைத்த 'சிலந்தி'. எட்டுக் கைகள் உள்ள இயந்திரம் அது. பலூனிலிருந்து இறங்கும், பத்து மணி நேரத்தில் மரத்தை அறுத்துக் கட்டும், மரத்தோடு மேலே போய்விடும். மூன்று பேர் முகட்டிலிருந்த பழைய எஸ்டேட் பங்களாவில் உட்கார்ந்து அதை ஓட்டினார்கள். காட்டுக்குள் ஒரு காலடிகூடப் படாது. அதைத்தான் அவள் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிப் பெருமைப்பட்டாள். மேற்கே ஆறு மனிதர்கள். முதலில் கொடிகளை அறுத்துவிட்டு அவை காயும்வரை காத்திருப்பார்கள். பிறகு கயிறு கட்டி, பக்கத்து மரங்களில் உரசாத திசையில் சாய்ப்பார்கள். விழுந்த இடத்திலேயே ரம்பம் போட்டுப் பலகையாக்குவார்கள். ஒரு மரத்துக்கு நாற்பது நாள். அந்த நாற்பது நாளும் அங்கேயே கூடாரம், அங்கேயே சோறு.

முதல் இரண்டு சுற்றிலும் சிலந்திதான் ஜெயித்தது. மூன்றாவது சுற்று வெட்டி மூன்று வருடமான பிறகு கிழக்குப் பக்கத் திறப்புகள் ஒவ்வொன்றாக ஊதா பூத்தன.

ஊதா என்றால் என்ன என்பது அவளுக்குத் தெரியும். பாஸ்பரஸ் போதவில்லை என்று செடி சொல்லுகிற விதம் அது. மழைக்காட்டைப் பார்க்கிறவர்கள் இவ்வளவு செழிப்புக்குக் கீழே மண்ணும் செழிப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அந்தச் செம்மண் பரம ஏழை. அதிலிருக்கும் இரும்பு, கிடைத்த பாஸ்பரஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு யாருக்கும் தராது. அதனால் காடு தன் சொத்தை மண்ணிடம் கொடுத்து வைப்பதே இல்லை. இலை விழுந்ததும் பூஞ்சை இழைகள் அதை மொய்த்துக்கொள்ளும்; சில வாரத்தில் சத்தைப் பிரித்து வேருக்கு நேராக ஊட்டிவிடும். கையிலிருந்து வாய்க்கு என்பது போல ஒரு பிழைப்பு. சத்தெல்லாம் உயிரோடு நிற்கும் மரங்களின் உடம்பில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு மரத்தை வெளியே கொண்டுபோனால் அந்தச் சுழற்சியில் ஒரு துண்டு போய்விடும். எவ்வளவு என்றும் அவள் அளந்திருந்தாள். வெளியே போகிற ஒரு ஆயினி மரத்தில் முந்நூற்று ஐம்பது கிராம் பாஸ்பரஸ். ஒரு டம்ளரில் அடங்கிவிடும். ஆனால் மழையும் தூசியும் அந்த ஒரு டம்ளரைத் திருப்பித் தர எட்டு வருடம் போதாது. மூன்றாம் சுற்றில் பள்ளம் தெரிந்துவிட்டது.

இதெல்லாம் சரி. மேற்கே போன மரங்களிலும் அதே முந்நூற்று ஐம்பது கிராம் போயிருக்கிறதே? அங்கே மட்டும் ஏன் இலை பச்சை?

இரண்டு வருடமாக அவள் அவர்களைப் பார்த்துப் பார்த்துத் தன் இயந்திரத்தைத் திருத்தினாள். அவர்கள் கிளைகளை விட்டுவிட்டுப் போகிறார்களா, சிலந்தியும் விடட்டும். பட்டையை உரித்துப் போடுகிறார்களா, சிலந்தியும் உரித்துப் போடட்டும். ரம்பத்தூளைக்கூட அவர்கள் இறைத்த மாதிரியே இறைக்கச் செய்தாள். ஊதா போகவில்லை.

இதற்கிடையில் பொறாமை என்கிற சங்கதி. அது ஒரே நாளில் வந்ததல்ல. போன அரையாண்டுக் கூட்டத்தில் வாரியத் தலைவர் மேற்குப் பக்கத்து இலையைத் திரையில் பெரிதாகப் போட்டார். கைதட்டினார்கள். உடையப்பன் எழுந்து நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் எல்லோருக்கும் கும்பிடு போட்டார். எட்டாவதுக்கு மேல் படிக்காதவர். அவரோடு சேர்ந்து இரண்டு விஞ்ஞானிகள் படம் எடுத்துக்கொண்டார்கள். அவளோடு யாரும் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவளுக்கு எல்லாமே மேற்கே போவதாகத் தோன்றியது. பார்வையாளர்கள் மேற்கே போனார்கள். இருவாச்சிப் பறவைகள் ஓடையைத் தாண்டி மேற்கே போய் உட்கார்ந்தன. அந்த ஆறு பேரில் ஒருவரும் முகாமின் சமையற்காரருமான காசிம் பாய், வெள்ளிக்கிழமைதோறும் பலூன் கொக்கியில் ஒரு தூக்குவாளியைக் கட்டி அவளுக்குக் கருவாட்டுக் குழம்பு அனுப்பினார். மூடியைத் திறந்து மணத்தைப் பார்த்துவிட்டு, கோதைநாயகி அப்படியே திருப்பி அனுப்பினாள். கிழக்குப் பக்கம் எதுவும் உள்ளே வரக்கூடாது, எதுவும் சிந்தக்கூடாது என்று அவளே எழுதிய விதி இருந்தது. விதி இல்லாவிட்டாலும் அனுப்பியிருப்பாள்.

வருகிற வெள்ளிக்கிழமை வாரியம் முடிவு சொல்லப்போகிறது. இனி முழுக்காட்டுக்கும் ஒரே வழிதான், மற்றது கலைக்கப்படும். கலைந்தால் அவளுடைய இருபத்தொரு வருட உழைப்பு பழைய இரும்பாகும். அவர்களுடையது கலைந்தால் ஆறு குடும்பங்கள் மலையிறங்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஒரு எண்ணம் வந்தது. வந்த வேகத்தில் அது நம்பிக்கையாகவும் மாறிவிட்டது. உடையப்பன் உரம் போடுகிறார். வெளி உரம் ஒரு பிடிகூட உள்ளே வரக்கூடாது என்பது வாரியத்தின் முதல் விதி. மளிகை மூட்டைகளோடு ஒரு மூட்டை சூப்பர் பாஸ்பேட் இறங்கினால் யாருக்குத் தெரியும்? ஏன் இவ்வளவு நாள் தோன்றவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அன்று அவளுக்கு நன்றாகப் பசித்தது.

புதன்கிழமை காலை, சொல்லாமல் கொள்ளாமல் ஓடையைக் கடந்து முகாமுக்குள் போய் நின்றாள். ஆட்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். காசிம் பாய் மட்டும் கருவாட்டுத் தலைகளை ஆய்ந்து அடுப்புச் சாம்பல் குவியலில் எறிந்துகொண்டிருந்தார்.

"வாங்க மேடம்," என்றார். "உங்க ஆளுங்க பதினோரு மணிக்குத்தானே வருவாங்க. நீங்க முந்திட்டீங்க."

அவளுக்கு ஒரு நொடி விளங்கவில்லை. பிறகு விளங்கியது. சிலந்தியை ஓட்டுகிற மூன்று பேரும் தினமும் இங்கே வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். பங்களாவில் அவள் வரவழைத்துக் கொடுத்த பொட்டலச் சாப்பாடு பாதி மிஞ்சுவதன் காரணமும் அப்போதுதான் தெரிந்தது. இருவாச்சி மட்டுமல்ல, சொந்த ஆட்களும் மேற்கே.

அவள் மூட்டைகளைப் பிரித்தாள். அரிசி. துவரம்பருப்பு. கொள்ளு. நெத்திலி. உப்பு. மறுபடி அரிசி. காசிம் பாய் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, என்ன தேடுகிறாள் என்று சொன்னால் எடுத்துத் தருவதாகப் பணிவாகச் சொன்னார். கூடாரத்துக்குப் பின்னால் வெள்ளை நிறத்தில் ஒரு பெட்டி நின்றது. வாரியம் கொடுத்த மூடிய கழிப்பறை. காட்டில் தங்குகிறவர்கள் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். நிரம்பியதும் பலூன் தூக்கிக்கொண்டு போகும். அவள் கதவைத் திறந்தாள். கூரைவரைக்கும் சின்ன வெங்காயம்.

"ஈரம் படாத எடம் அது ஒண்ணுதான் மேடம்," என்றார் காசிம் பாய்.

உடையப்பன் வந்தபோது அவள் வெங்காயத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும்; ரம்பத்தூள் ஒட்டிய கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டே நின்றார். சிரிக்கவில்லை. அவர் சிரிக்காமல் இருந்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவளுக்கு அது இனித்தது.

அவளே கேட்டாள். "இது எத்தனை வருஷமா நடக்குது?"

"ஆரம்பத்துலருந்தே. அந்தப் பொட்டிக்குள்ள போயி ஒக்காந்தா எனக்கு வராதுங்க மேடம். மத்தவங்களுக்கும் அதே கததான்."

"அப்ப எங்க போறீங்க? ஓடையிலயா?"

அவர் முகம் சுருங்கியது. "ஓடைல எவனாவது போவானா? நூறு அடி தள்ளித்தான். ஒரு சாண் குழி வெட்டிக்கிருவோம். போயிட்டு எலயும் சாம்பலும் போட்டு மூடிருவோம். மூணு நாளைக்கு ஒருக்கா குழிய மாத்திருவோம்."

"ஒரு சாண்தானா? சட்டப்படி ஆறடி வேணும்."

"எங்கப்பா வயலுக்கு எருவுக்காக ஆட்டுக்கிடை போட்டவரு மேடம், சிவகங்கைப் பக்கம். ஒரே வயல்ல கிடைய நிறுத்துனா மண்ணு தாங்காது, பட்டிய மாத்திக்கிட்டே போகணும். ஆறடிக்குக் கீழ கொண்டுபோயி வச்சா எந்தப் பயிருக்கு எட்டும்? அந்தப் பழக்கம் கையோட வந்திருச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "எழுதுறதுன்னா என்னைய மட்டும் எழுதுங்க. மத்த அஞ்சு பேரும் நான் சொல்லிச் செஞ்சவங்க."

அவள் திரும்பி நடந்தாள். ஓடையைத் தாண்டும்போது கால் லேசாக இருந்தது.

பங்களாவுக்கு வந்ததும் வாரியத்தின் விதிமீறல் படிவத்தை எடுத்துவைத்தாள். மீறியவர் பெயர், இடம், ஆதாரம் எல்லாம் மளமளவென்று நிரம்பின. கடைசிக் கட்டத்தில் 'காட்டில் சேர்க்கப்பட்ட அன்னியப் பொருளின் அளவு' என்றிருந்தது. 'அதிகம்' என்று எழுதினாலே போதும். ஆனால் அவள் அப்படி எழுதுகிறவள் இல்லை. உடையப்பனின் குற்றம் கிராம் சுத்தமாகத் தெரியவேண்டும். ஒவ்வொரு சத்தாகப் போட்டாள். தழைச்சத்து, சாம்பல் சத்து, சுண்ணாம்பு. அடுத்து பாஸ்பரஸ். அரிசியும் பருப்பும் கருவாடும் தின்கிற ஒரு ஆள், ஒரு நாளைக்கு ஒன்றரை கிராம் பாஸ்பரஸை வெளியேற்றுவான். ஆறு பேர். நாற்பது நாள். பெருக்கினாள்.

முந்நூற்று அறுபது கிராம்.

பேனாவைக் கீழே வைத்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஒரு டம்ளர் போகிறது. ஒரு டம்ளர் வருகிறது. மரமாகப் போனது அரிசியாகவும் கருவாடாகவும் மலையேறி வருகிறது. கடலில் மீன் சேர்த்ததும், தஞ்சாவூர் வயல் சேர்த்ததும் ஆறு வயிறுகள் வழியாக அந்த ஏழை மண்ணுக்கு வருகிறது. அதுவும் இரும்பு பிடித்துக்கொள்கிற ஆழத்தில் அல்ல, பூஞ்சை இழைகள் ஓடுகிற ஒரு சாணுக்குள். உரமேதான். மூட்டையில் வரவில்லை, அவ்வளவுதான்.

அவளுக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி அல்ல. அழுகை போல ஒன்று. இரண்டு வருடம் தேடியது ஒருவருக்குப் பெட்டிக்குள் வராமல் போனதில் இருந்திருக்கிறது.

படிவத்தை அனுப்பலாம். அனுப்பினால் வெள்ளிக்கிழமை மேற்கு கலையும், கிழக்கு ஜெயிக்கும், அடுத்த எட்டு வருடத்தில் முழுக்காடும் ஊதாவாகும். அப்போது யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்க மேற்கே எதுவும் இருக்காது. அந்த எண்ணம் அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு வசதியாக இருந்ததால்தான் அவள் பயந்தாள்.

வியாழக்கிழமை மண் எடுக்கும் குழாயோடு மறுபடி ஓடையைத் தாண்டினாள். ஆட்கள் அறுவையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். வேலை போயிற்று என்று சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். மூன்று வருடத்துக்கு முன் வெட்டிய திறப்புக்கு உடையப்பனை அழைத்துப்போய், அன்று எங்கெங்கே குழி வெட்டினார்கள் என்று காட்டச் சொன்னாள். அவருக்குக் கூச்சம் தாங்கவில்லை. ஆனாலும் ஒன்றுவிடாமல் காட்டினார். முதல் மூன்று நாள் இந்தப் பாறைக்குப் பக்கம், அடுத்த மூன்று நாள் அந்த வேருக்கு அந்தண்டை, இப்படியே திறப்பைச் சுற்றிப் பதின்மூன்று இடம். காட்டிய இடத்திலெல்லாம் தோளுயரக் கன்று. நடுவில், யாரும் போகாத பாறைச் சரிவில் மட்டும் ஐந்தாறு கன்றுகள் முழங்கால் அளவில் நின்றன. குனிந்து இலையைத் திருப்பிப் பார்த்தாள். ஊதா.

அந்தப் பாறைமேலேயே உட்கார்ந்து அவருக்கு எல்லாவற்றையும் சொன்னாள். விளக்கிச் சொல்வது அவளுக்குப் பிடிக்கும். பூஞ்சை இழை எப்படி இலையைத் தின்று வேருக்கு ஊட்டுகிறது என்பதைக் கையாலேயே வரைந்து காட்டினாள். பத்து நிமிடம் பொறாமைகூட மறந்துபோயிற்று. உடையப்பன் தலையைக் குனிந்தபடியே கேட்டார்.

"நான் மரத்தச் சாய்க்கிற தெசையாலன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்," என்றார் கடைசியில். "கூட்டத்துல கைதட்டுனது இதுக்குத்தானா?"

அவர் குரல் உடைந்திருந்தது. கோதைநாயகிக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதற்காக வெட்கப்பட்டாள்; ஆனாலும் அதை உடனே விரட்டவில்லை.

இன்னும் ஒரு ஆசை அவளிடம் பாக்கியிருந்தது. அதையும் கேட்டுவிட்டாள். "வெட்டுறதைச் சிலந்தியே வெட்டட்டும், உடையப்பன். நீங்க ஆறு பேரும் நாற்பது நாள் இங்க தங்கினா மட்டும் போதும். சத்து அதேதான்."

அவர் அன்று முதன்முதலாக நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "வேல செய்யாமச் சும்மா ஒக்காந்திருந்தா எவனுக்கு மேடம் பசிக்கும்? காசிம் ஆக்குறதுல முக்காவாசி ரம்பம் இழுக்குற பசிக்குத்தான். உங்க பசங்க மூணு பேரும் எங்ககூடத் தின்னுட்டு எங்க போறாங்க? அந்தக் கரைக்கு, உங்க பங்களாவுல இருக்குற பீங்கான் கக்கூசுக்கு."

சிலந்தி செய்த தவறு அவசரம் மட்டும்தான். நாற்பது நாள் வேலையைப் பத்து மணி நேரத்தில் முடித்தது; முடித்ததும் யாருக்கும் அங்கே பசிக்கவில்லை.

"நாளைக்குக் கூட்டத்துல இத எப்பிடிச் சொல்லப்போறீங்க? பெரிய ஆளுங்கள்லாம் இருப்பாங்களே," என்று கேட்டார் உடையப்பன். அவருக்கு அதுதான் கவலை.

"அப்படியே சொல்லுவேன்," என்றாள்.

முகாமில் காசிம் பாய் தட்டை நீட்டினார். இந்தத் தடவை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. குழம்பு நன்றாகத்தான் இருந்தது. அதுவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

பங்களாவுக்குத் திரும்பி விதிமீறல் படிவத்தைக் கிழித்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். மேலே 'வழியைக் கண்டவர்' என்று எழுதியதும், கை தானாகவே அவள் பெயரின் முதல் எழுத்தையும் எழுதிவிட்டது. 'கோ' என்று அது நின்றது. சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை அடித்துவிட்டு, பேனா தாளைக் கிழித்துவிடுமோ என்கிற அளவுக்கு அழுத்தி, உடையப்பன் என்று எழுதினாள். கீழே 'சரிபார்த்தவர்' என்று தன் பெயரைப் போட்டுக்கொண்டாள். அதற்குக் கீழே எழுதியது இவ்வளவுதான்:

சிலந்தியை நிறுத்திவிடலாம், பலகைகளைத் தூக்கப் பலூன் மட்டும் போதும். ஒரு மரம் வெளியே போகும் இடத்தில் ஆறு பேர் நாற்பது நாள் தங்கி, கையால் வேலை செய்து, வெளியிலிருந்து வரும் அரிசியும் பருப்பும் கருவாடும் வயிறாரச் சாப்பிட வேண்டும். ஓடையிலிருந்து நூறு அடி தள்ளி, ஒரு சாண் ஆழத்தில் குழி வெட்டி, இலையும் சாம்பலும் போட்டு மூட வேண்டும். மூன்று நாளைக்கு ஒருமுறை குழியை மாற்ற வேண்டும். வாரியத்தின் வெள்ளைப் பெட்டியில் வெங்காயம் வைத்துக்கொள்ளலாம்.